முத்திரை குத்திய துறைமுகம்

சிங்கப்பூர் ஆறு கடலோடு கலக்கும் இடத்துக்குச் சற்று முன்பாக, அதன் வடகரையில் வெண்ணிறத் தூண்களோடு நிற்கும் எம்பிரஸ் பிளேஸ் கட்டடம் இன்று ஆசிய நாகரிகங்களின் அரும்பொருளகமாக விளங்குகிறது. மூழ்கிப்போன கப்பலிலிருந்து எடுத்த சீனப் பீங்கான்களையும் இந்தியச் சிற்பங்களையும் பார்த்துவிட்டு வெளியே வரும் இளைஞர்களுக்கு, அது முன்னர் வேறென்னவாக இருந்தது என்பது தெரிய நியாயமில்லை. பிராயம் அறுபதைக் கடந்த சிங்கப்பூர்த் தமிழர் எவரையேனும் கேட்டால், அவர் அரும்பொருள்களைப் பற்றிப் பேசமாட்டார். பிறந்த குழந்தையின் பெயரைப் பதிவதற்கும், இறந்த தகப்பனாரின் மரணத்தை அறிவிப்பதற்கும், பிரஜாவுரிமைக்கு மனுக் கொடுப்பதற்கும், ஊரிலிருந்து வரவேண்டிய மனைவிக்குப் பிரவேச அனுமதி கேட்பதற்கும், கடவுச்சீட்டுக்காகப் படத்தையும் பாரத்தையும் நீட்டுவதற்கும், 1980களின் நடுப்பகுதி வரையில் குடும்பத்துக்கு ஒருவராவது படியேறிய இடம் அதுதான் என்பார்.

அந்தக் கட்டடத்தை எழுப்பியவர்கள் யார் என்பதை, அங்கே வரிசையில் நின்றவர்களுள் அறிந்திருந்தவர் மிகச் சிலரே. 1864 முதல் 1867 வரையில், மக்நேர் என்ற இஞ்சினீயர் வரைந்த திட்டப்படி, இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள் கல் சுமந்து, சுண்ணம் குழைத்துக் கட்டியது அது. செங்கல் அறுப்பதும் அவர்கள் தொழிலாகவே இருந்தது. இன்று பட்டுப்புடவைக் கடைகளும் நகைக்கடைகளும் நிறைந்திருக்கும் சிராங்கூன் சாலையில் 1858ஆம் ஆண்டில் அரசாங்கச் செங்கற்சூளை ஒன்று தொடங்கப்பெற்று, கைதிகளின் உழைப்பால் நடந்துவந்தது. செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயமும், கவர்னர் மாளிகையாகக் கட்டப்பட்டு இன்று அதிபர் மாளிகையாக இருக்கும் இஸ்தானாவும் அவர்கள் கைவேலையே. பிற்காலத்தில் எவர் நாட்டுக்குள் வரலாம், எவர் வரக்கூடாது என்று தீர்மானிக்கும் அலுவலகம் குடியேறிய கட்டடத்தை, எந்த அனுமதியும் கேட்காமலே கொண்டுவந்து இறக்கப்பட்ட மனிதர்கள் கட்டினார்கள் என்பது சரித்திரத்தில் தற்செயலாக நேர்ந்ததுதான். என்றாலும், கவனிக்கத்தக்க தற்செயல்.

அக்கைதிகளுள் முதற்கூட்டத்தார் 1825ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் வந்தவர்கள். 1824ஆம் ஆண்டு உடன்படிக்கையினால் சுமத்ராவிலிருந்த பென்கூலன் டச்சுக்காரர் வசமானபோது, அங்கே தண்டனை அனுபவித்துக்கொண்டிருந்த இந்தியக் கைதிகளைச் சிங்கப்பூருக்கு மாற்றினார்கள்; முதலில் வந்த எண்பது பேரும் சென்னை மாகாணத்திலிருந்து அனுப்பப்பட்டவர்கள். பிறகு 1873 வரையில் சிங்கப்பூர் இந்தியக் கைதிகளின் தண்டனைத் தலமாக நீடித்தது. அக்காலத்தில் கும்பினி அரசாங்கம், ஆயுள் தண்டனை பெற்றவர்களின் நெற்றியில் பெயரையும் குற்றத்தையும் தண்டனை விதித்த தேதியையும் பச்சை குத்தி அனுப்பும் வழக்கத்தைக் கைக்கொண்டிருந்தது. தப்பியோடினால் எந்த ஊரிலும் முகமே காட்டிக்கொடுத்துவிடும் என்பது அதன் நோக்கம். முண்டாசைப் புருவம் வரையில் இறக்கிக் கட்டி அந்த எழுத்துகளை மறைத்துக்கொள்வது அவர்களிடையே சகஜமாக இருந்தது. மனிதத் தன்மையற்ற இவ்வழக்கம் 1849இல் ஒழிக்கப்பட்டது. ஆயினும் அதற்கு முன்னரே குத்தப்பட்ட நெற்றிகளோடு வாழ்ந்தவர்கள் சிங்கப்பூர்த் தெருக்களில் பல ஆண்டுகள் நடமாடிக்கொண்டுதான் இருந்தார்கள். அவர்களுள் விடுதலைச் சீட்டுப் பெற்றவர்கள் வண்டியோட்டிகளாகவும், பால்காரர்களாகவும், கொத்தர்களாகவும் ஊரோடு ஊராகக் கலந்துபோனார்கள்.

சிங்கப்பூருக்கு வந்த தமிழனுடைய அடையாளம் இவ்வாறு உடம்பில் எழுதப்பட்டே தொடங்கியது; பின்னர் அது காகிதத்துக்கு மாறிற்று; இப்போது காகிதத்தை விட்டு மறுபடியும் உடம்புக்கே திரும்பிவிட்டது. கடவுச்சீட்டும் அதில் விழும் முத்திரையும் ஆதிகாலந்தொட்டு இருந்துவருபவை என்று எண்ணுகிறோம். உண்மையில் அவற்றின் ஆயுள் சற்றேறக்குறைய ஒரு நூற்றாண்டு மட்டுமே.

கைதிகளுக்கு நெற்றியில் எழுதிய அதே காலத்தில், தன்னிச்சையாக வந்தவர்களிடம் ஒரு கேள்வியும் கேட்பாரில்லை. 1819ஆம் ஆண்டு ஜனவரி 29ஆம் தேதி கரையிறங்கிய ராபிள்ஸ், வரியில்லாத் துறைமுகம் என்ற கொள்கையின்மேல் ஊரை நிறுவினார். அவ்வாண்டு மே மாதம் அவருடன் பினாங்கிலிருந்து கப்பலேறி வந்த நாராயண பிள்ளை, செங்கற்சூளை வைத்து, துணி வியாபாரம் செய்து, பிற்காலத்தில் மாரியம்மன் கோயிலுக்கு மூலகாரணராக நின்றவர்; அவர் எந்தச் சீட்டை எவரிடம் காட்டினார் என்று தேடினால் கிடைக்காது, ஏனென்றால் காட்டவேண்டிய சீட்டே கிடையாது. நாகூரிலிருந்தும் பரங்கிப்பேட்டையிலிருந்தும் வந்த மரக்காயர்களும், காசுக்கடை விரித்த நகரத்தார்களும் அப்படியே வந்தார்கள், அப்படியே போனார்கள். காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்க உத்தியோகஸ்தர்கள் மூட்டைகளின்மீது புலி முத்திரை பொறித்தே உள்ளே விட்டதைப் பட்டினப்பாலை வழியாக அறிகிறோம். சிங்கப்பூர்த் துறைமுகமோ மனிதனுக்கு மட்டுமல்ல, மூட்டைக்கும் முத்திரை வைக்கவில்லை. கப்பலின் பெயர், தலைவன் பெயர், சரக்கின் விவரம் இவற்றைக் கணக்குக்காக எழுதிக்கொண்டார்களே தவிர, இறங்கியவன் யார் என்று விசாரிக்க ஆள் இல்லை.

இதற்கு வேறொரு காரணமும் உண்டு. அக்காலத்தில் பினாங்கும் மலாக்காவும் சிங்கப்பூரும் கல்கத்தாவிலிருந்தே ஆளப்பட்டன. நாகப்பட்டினத்தில் கப்பலேறிச் சிங்கப்பூரில் இறங்கியவன், சட்டத்தின் கண்ணில், ஒரே ராஜ்யத்தின் ஒரு மூலையிலிருந்து மற்றொரு மூலைக்குச் சென்றவனே. 1867ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி அந்த மூன்று ஊர்களும் லண்டனிலிருந்து நேரே ஆளப்படும் காலனியாயின. அன்று காலையில் சிராங்கூன் சாலையில் கண்விழித்த தமிழன் ஓர் அடியும் நகராமலே வெளிநாட்டில் இருப்பவனாகிவிட்டான். விளைவு உடனே தெரியவில்லை. சில ஆண்டுகளில் தஞ்சாவூர் ஜில்லா அதிகாரிகள், கூலியாட்களைக் கப்பலேற்றுவது இந்தியக் குடிபெயர்வுச் சட்டத்துக்கு மாறானது என்று நாகப்பட்டினத்தில் தடுத்தபோதுதான் தெரிந்தது. தோட்ட முதலாளிகள் கூக்குரலிட்டார்கள். 1872இல் இந்திய அரசாங்கம் அந்த மூன்று ஊர்களும் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களுக்கு விலக்களித்துப் பழைய போக்குவரத்தைத் தொடரவிட்டது. தமிழனின் பிரயாணத்தைச் சட்டம் முதன்முதலாக மறித்தது சிங்கப்பூர்க் கரையில் அல்ல, நாகப்பட்டினக் கரையில் என்பது குறித்துக்கொள்ளவேண்டிய சங்கதி.

சிங்கப்பூர்க் கரையில் முதலில் மறித்தது சட்டம் அல்ல, காலரா. 1873இல் அந்நோய் பரவிய பிறகு, அடுத்த ஆண்டிலேயே தெற்கே செயின்ட் ஜான்ஸ் தீவில் நோய்த்தடுப்பு முகாம் ஒன்றை ஏற்படுத்தினார்கள். ராபிள்ஸ் கரையிறங்குவதற்கு முந்தின நாள் கப்பலை நிறுத்திய இடமும் அத்தீவின் பக்கம்தான். ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்குள் அது வருவோரையெல்லாம் நிறுத்தும் இடமாகிவிட்டது. 1930களில் உலகத்தின் பெரிய முகாம்களுள் ஒன்று என்று சொல்லும் அளவுக்கு அது வளர்ந்திருந்தது. கப்பல் வந்து நங்கூரமிட்டதும், டெக் பிரயாணிகளைத் தொங்கான்களில் ஏற்றித் தீவுக்குக் கொண்டுபோவார்கள். தலைகளை எண்ணி ஆண்களையும் பெண்களையும் தனித்தனியே பிரித்து, கட்டியிருந்த துணியையும் மூட்டைத் துணியையும் வாங்கி நீராவியில் வேகவைத்து, மருந்து கலந்த நீரில் குளிக்கச் செய்து, புஜத்தில் அம்மைப்பால் குத்தி, நீண்ட கொட்டகைகளில் நாள்கணக்கில் வைத்திருப்பார்கள். ஊரிலிருந்து கட்டிக்கொண்டு வந்த புதுச்சேலை சுருங்கிச் சாயம் போய்த் திரும்பி வந்ததைக் கண்டு கலங்கிய பெண்கள் எத்தனை பேரோ! முதல் வகுப்பு அறையில் வந்தவர்களுக்குப் பெரும்பாலும் இந்த உபசாரம் கிடையாது. கப்பலிலேயே வைத்தியர் ஒரு பார்வை பார்த்துவிட்டு அனுப்பிவிடுவார். கிருமிக்கு டிக்கெட்டின் வகுப்பு தெரியும் என்று அக்கால வைத்திய சாஸ்திரம் கருதியது போலும்.

அம்மைப்பால் குத்திய வடுவே இவ்வாறு ஒருவகை அனுமதிச் சீட்டாயிற்று. உடம்பில் தழும்பு, கழுத்தில் வில்லை என்பவை அக்காலத்துக் கூலியாட்களின் யாத்திரையில் பொதுவான அடையாளங்கள். இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழர்கள், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தோட்டத்தின் எண்ணும் தம் எண்ணும் பொறித்த தகர வில்லையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மண்டபம் வழியாகக் கடல் கடந்தார்கள். மலாயா சென்றவர்களுக்கு 1907இல் ஏற்பட்ட குடியேற்ற நிதியிலிருந்து இலவசக் கப்பல் டிக்கெட் கிடைத்தது. ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்களில் அவர்களைச் சேர்த்துவைத்து, கப்பல் வரும் நாளில் அனுப்பினார்கள். ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் நிறுத்தப்பட்ட பின்பும் கங்காணி முறை 1938 வரையில் நடந்தது. இவர்களுள் எவர் கையிலும் கடவுச்சீட்டு என்ற நூல் இல்லை.

அந்த நூலைப் பிறப்பித்தது முதல் உலக யுத்தம். யுத்தத்துக்கு முன்னர் ஐரோப்பாவிலேயே பெரும்பாலான எல்லைகளைச் சீட்டின்றிக் கடக்க முடிந்தது. ஒற்றர் பயத்தால் தாற்காலிகமாகக் கொண்டுவந்த ஏற்பாடு, யுத்தம் முடிந்த பிறகும் போகவில்லை. 1920ஆம் ஆண்டு பாரிஸில் சர்வதேச சங்கம் கூட்டிய மாநாட்டில், முப்பத்திரண்டு பக்கங்கொண்ட நூல் எப்படியிருக்கவேண்டும் என்று மாதிரி வகுத்துக் கொடுத்தார்கள். அதே ஆண்டில் இந்தியாவிலும், நாட்டுக்குள் பிரவேசிப்பதற்குக் கடவுச்சீட்டு வேண்டும் என்ற சட்டம் பிறந்தது. தாற்காலிகம் என்று அரசாங்கங்கள் சொல்லும்போது குடிகள் சற்று ஜாக்கிரதையாக இருக்கவேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

சிங்கப்பூரில் கதவு முதலில் சீனர்களுக்கே சாத்தப்பட்டது. உலகப் பொருளாதார மந்தத்தால் ரப்பர் விலையும் தகர விலையும் சரிந்து வேலையில்லாக் கூட்டம் பெருகவே, 1930ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் சீன ஆண்களின் வருகைக்கு மாதாந்தர அளவு விதித்தார்கள். 1933இல் அன்னியர் சட்டம் அமலுக்கு வந்தது. அச்சட்டத்தில் அன்னியர் எனப்பட்டவர் பிரிட்டிஷ் பிரஜை அல்லாதவர். திருவாரூரிலிருந்தோ தேவகோட்டையிலிருந்தோ வந்தவன் ஜார்ஜ் மன்னரின் பிரஜையாதலால், அந்த வரையறை அவனைத் தீண்டவில்லை. சட்டத்தின் எழுத்தை அப்படியே வைத்துப் பார்த்தால், பிரெஞ்சுக் கொடியின் கீழிருந்த காரைக்காலிலிருந்து வந்தவன் அன்னியன். நடந்துபோகும் தூரத்திலிருக்கும் பக்கத்து ஊரிலிருந்து வந்தவன் அன்னியன் அல்லன்! அடிமைப்பட்டிருந்ததால் கிடைத்த இந்தச் சலுகையைப் பெருமையாகக் கொண்டாடுவதற்கில்லை. என்றாலும், இன்று சிராங்கூன் சாலைப் பக்கத்துத் தேக்காவிலும் அதைச் சுற்றிலும் தமிழ் ஒலிப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்பதை மறுக்கவும் முடியாது. 1938இல் உடலுழைப்பாளர்களை உதவிகொடுத்து அனுப்புவதைத் தடுத்தது சிங்கப்பூர் அல்ல. தோட்டங்களில் கூலியைக் குறைத்ததைக் கண்டித்து இந்திய அரசாங்கமே தடுத்தது.

இரண்டாம் யுத்தத்தின்போது ஜப்பானியர் ஆட்சியில், இந்திய சுதந்திர சங்கத்தின் உறுப்பினர் அட்டை பல தமிழர்களுக்கு உயிர்க்கவசமாக உதவியது. வெள்ளைக்காரர் திரும்பி வந்தபின், 1948இல் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க அவசரநிலை பிரகடனமானதும், படமும் பெருவிரல் ரேகையும் பதிந்த அடையாள அட்டை ஒவ்வொருவருக்கும் கட்டாயமாயிற்று. ஜனங்கள் அதை ‘ஐ.சி.’ என்றார்கள், இன்றும் அப்படியே சொல்கிறார்கள். பிறகு 1953ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் தேதி புதிய குடிநுழைவுச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, பிரஜை, அன்னியன் என்ற பழைய வேற்றுமை பொருளற்றதாகி, இந்தியாவிலிருந்து வருவோர்க்கும் கதவு சாத்தப்பட்டது. தேர்ச்சியும் வேலையும் உடையவர்க்கும், ஏற்கெனவே இங்கு இருந்தவர்களின் மனைவி மக்களுக்குமே வழி. இங்கு இருந்தவர்களும் ஊருக்குப் போய்த் திரும்பவேண்டுமானால், திரும்பிவரும் அனுமதியைக் கையோடு வாங்கிக்கொண்டு போகவேண்டும். தாயாரின் கருமாதிக்குப் போனவர் சொத்து வழக்கில் சிக்கித் தங்கி, தவணை கடந்துவிட்டால் சங்கடந்தான்.

அக்காலத்துப் போக்குவரத்து முழுவதும் கப்பலில். 1926இல் ஸ்காட்லாந்தில் கட்டப்பெற்ற ரஜுலா என்ற கப்பலுக்கு ஐயாயிரத்துக்கு மேற்பட்ட டெக் பிரயாணிகளை ஏற்றுவதற்கு உரிமம் இருந்தது என்றால், அந்தத் தளத்தில் ஒருவருக்கு வாய்த்த இடம் எவ்வளவு என்பதை ஊகித்துக்கொள்ளலாம்: ஒரு பாய் விரிக்கும் அளவு, தலைமாட்டில் தகரப்பெட்டி, கால்மாட்டில் அடுத்தவர் தலை. நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது. ஆழமில்லாத கடல் ஆகையால், தூரத்தில் நிற்கும் கப்பலுக்குப் படகில் சென்று, அலை தூக்கும் கணம் பார்த்துத் தொங்கும் ஏணியைப் பிடித்து ஏறவேண்டும். மடியில் செருகிய கடவுச்சீட்டு நனையாமலிருக்க அதை எண்ணெய்த்துணியில் சுற்றிக் கட்டிக்கொள்வார்கள். பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம் வழியாகச் சிங்கப்பூர் வந்துசேர ஒரு வாரத்துக்கு மேலாகும்.

காகிதத்தின் மகிமை உச்சத்துக்கு வந்தது 1957இல். அவ்வாண்டில் சிங்கப்பூர்ப் பிரஜாவுரிமைச் சட்டம் நிறைவேறி, எட்டு ஆண்டுகள் இங்கு வசித்தவர்கள் விசுவாசப் பிரமாணம் எடுத்துப் பதிந்துகொள்ளலாம் என்று ஆயிற்று. இன்றைக்கோ நாளைக்கோ ஊருக்குப் போய்விடப்போகிறோம் என்ற நினைவிலேயே இருபது முப்பது ஆண்டுகளைக் கழித்துவிட்ட தமிழர்கள் தயங்கி நின்றபோது, தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி, பதிந்துகொள்ளுங்கள் என்று பத்திரிகையிலும் மேடையிலும் ஓயாமல் வற்புறுத்தினார். 1924இல் திருவாரூரிலிருந்து வந்தவர் அவர். வந்த நாளில் தமக்கு எந்தச் சீட்டும் தேவைப்படவில்லை என்பதும், இனி வருங்காலத்தில் சீட்டில்லாதவனுக்கு நிற்க இடமிராது என்பதும் இரண்டும் அவருக்குத் தெரிந்திருந்தன. அவருடைய பல பணிகளுள் தமிழ் வளர்ச்சிப் பணியையே எல்லோரும் புகழ்கிறார்கள். என்னைக் கேட்டால், பாரம் நிரப்பச் சொல்லிப் பாமரரை வற்புறுத்திய இந்தப் பணியை அதற்கு ஒரு படி மேலே வைப்பேன்.

1963இல் மலேசியாவோடு சேர்ந்ததும், 1965ஆம் ஆண்டு ஆகஸ்டு 9ஆம் தேதி பிரிந்ததும் எல்லோரும் அறிந்த கதை. பிரிந்த பின்னும் சுமார் இரண்டு ஆண்டுகள் ஜொகூர்க் கடற்பாலத்தை முன்போலவே கடந்துவந்தார்கள். 1924இல் முறைப்படி திறக்கப்பட்ட அந்தப் பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். ஜொகூர் பாருவில் பெண் கொடுத்தவர், சிங்கப்பூரில் கடை வைத்தவர், அங்கே தூங்கி இங்கே வேலை செய்தவர் என்று ஒரே குடும்பம் இரண்டு முனையிலும் பரவியிருந்தது. 1967இல் இரு நாடுகளும் சோதனையைத் தொடங்கின. அடிக்கடி போகிறவர்களின் சௌகரியத்துக்காக, மேற்கு மலேசியாவுக்கு மட்டும் செல்லுபடியாகும் தனிக் கடவுச்சீட்டு ஒன்றையும் சிங்கப்பூர் வழங்கியது. அதன் பக்கங்களில் முத்திரைமேல் முத்திரையாக விழுந்து, சில மாதங்களில் நூல் நிரம்பிவிடும். வார இறுதியில் உறவு பார்க்கப் போகிறவரிடமும், ‘சாப் அடித்தாயிற்றா?’ என்று கேட்பது பேச்சுவழக்காயிற்று.

இந்தச் சரித்திரத்தில் விசித்திரமான அத்தியாயம் தஞ்சோங் பகார் ரயில் நிலையத்தைச் சேர்ந்தது. 1932இல் திறக்கப்பட்ட அந்நிலையத்தின் முகப்பில் விவசாயம், வர்த்தகம், போக்குவரத்து, கைத்தொழில் என்ற நான்கையும் உருவகப்படுத்தும் நான்கு வெள்ளைச் சிலைகள் நிற்கின்றன. நகரத்தின் நடுவே நின்ற அந்நிலையமும், அங்கிருந்து வடக்கே உட்லண்ட்ஸ் வரையில் ஓடும் தண்டவாளமும் மலாயா ரயில்வேயின் உடைமை. பிரிவினைக்குப் பின்னும் அப்படியே இருந்தன. எனவே சிங்கப்பூர் மண்ணில் மலேசியக் குடிநுழைவு அதிகாரிகள் உட்கார்ந்து சோதித்துக்கொண்டிருந்தார்கள். 1998ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் தேதி சிங்கப்பூர் தன் சோதனையை உட்லண்ட்ஸுக்கு மாற்றியது; மலேசியாவோ தஞ்சோங் பகாரை விட்டு அசைய மறுத்தது. அதன் பலனாகப் பிரயாணி முதலில் தஞ்சோங் பகாரில் மலேசியாவுக்குள் பிரவேசித்துவிடுவார். பிறகு ரயிலேறி, புக்கிட் தீமா வழியாக, மரங்களுக்கும் வீட்டுப் புழக்கடைகளுக்கும் நடுவே சிங்கப்பூர் நெடுகப் பிரயாணம் செய்து, உட்லண்ட்ஸில் இறங்கிச் சிங்கப்பூரை விட்டு வெளியேறுவார். வெளியேறுவதற்கு முன்பே உள்ளே நுழைந்துவிட்ட அந்த மனிதர், நடுவழியில் எந்த நாட்டில் இருந்தார் என்று கேட்டால், ஸ்மிருதி கற்ற பண்டிதர்களும் பதில் சொல்லத் திணறுவார்கள்.

இந்தச் சங்கடத்திலிருந்து தப்ப மலேசிய அதிகாரிகள் ஒரு வழி கண்டார்கள்: தஞ்சோங் பகாரில் கடவுச்சீட்டைப் பார்த்தார்கள், பிரவேச அட்டையை வாங்கிக்கொண்டார்கள், முத்திரை மட்டும் குத்தவில்லை. நாடு கடந்ததற்குச் சாட்சி இல்லாமலே ஜனங்கள் நாடு கடந்தார்கள். கோலாலம்பூரிலிருந்து வேறு நாட்டுக்குப் போக நினைத்த வெளிநாட்டார் சிலர், உள்ளே வந்த முத்திரை எங்கே என்ற கேள்விக்கு விடை சொல்ல ரயில் டிக்கெட்டைப் பத்திரமாக வைத்திருக்கவேண்டி வந்தது. பதின்மூன்று ஆண்டுகள் இப்படியே நடந்தது. நிலையத்துக்குள் இந்திய முஸ்லிம் குடும்பம் நடத்திவந்த புத்தகக் கடையும் நாணய மாற்றுக் கடையும், பரோட்டாவும் தேநீரும் விற்ற சாப்பாட்டுக் கடைகளும் அந்த வரிசையை நம்பியே வாழ்ந்தன. 2011ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் தேதி இரவு, ஜொகூர் சுல்தான் தாமே ஓட்டிச்சென்ற கடைசி ரயிலோடு அந்த ஏற்பாடு முடிவுற்றது.

ஆகாய மார்க்கம் கப்பலை விழுங்கியதைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. 1970களின் தொடக்கத்தில் ரஜுலா ஓய்வு பெற்றது. அதன் இடத்துக்கு வந்த சிதம்பரம் கப்பலில் 1984ஆம் ஆண்டு பிப்ரவரியில் தீப்பிடித்துப் பலர் மாண்டபின், சென்னை–சிங்கப்பூர்ப் பிரயாணிக் கப்பல் என்ற சம்பிரதாயமே மறைந்தது. 1981இல் சாங்கி விமான நிலையம் திறக்கப்பட்டிருந்தது. சிராங்கூன் சாலையிலும் அதன் கிளைத் தெருக்களிலும் டிக்கெட் ஏஜென்சிகளும், பாஸ்போர்ட் படம் எடுக்கும் ஸ்டூடியோக்களும், பாரம் நிரப்பிக் கொடுப்பவர்களும் பெருகினார்கள். குடிநுழைவு இலாகாவும் ஆற்றங்கரையை விட்டுப் போய், கடைசியில் காலாங் சாலையில், லவெண்டர் ரயில் நிலையத்தின் அருகே பெரிய கட்டடத்தில் அமர்ந்தது. 2003இல் அதற்குக் குடிநுழைவு, சோதனைச்சாவடிகள் ஆணையம் என்ற பெயர் வந்தது. அந்தக் கட்டடம் தேக்காவிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரம்.

இன்று தேக்காவின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பெரும்பகுதியினர் வொர்க் பர்மிட்டில் வந்த தொழிலாளர்கள். ஊரில் அவர்கள் கையில் கிடைக்கும் முதற்காகிதம் ‘ஐ.பி.ஏ.’ என்று சொல்லப்படும் அனுமதிக் கடிதம். அதை நகலெடுத்து வீட்டில் ஒன்று வைத்துவிட்டுத்தான் விமானமேறுகிறார்கள். வந்திறங்கிய இரண்டு வாரத்துக்குள் வைத்தியப் பரிசோதனை, பின்னர் கைரேகைப் பதிவு, படம், அட்டை. முதலாளி ஒவ்வொரு தொழிலாளிக்காகவும் அரசாங்கத்துக்கு 5,000 வெள்ளி ஜாமீன் கட்டவேண்டும். இந்தியாவிலோ, 1922ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாரிசாக 1983இல் வந்த குடிபெயர்வுச் சட்டம், படிப்புக் குறைந்தவர்கள் சில தேசங்களுக்கு வேலைக்குச் செல்லத் தனி அனுமதி வேண்டும் என்கிறது. அந்தப் பட்டியலில் மலேசியா உண்டு, சிங்கப்பூர் இல்லை. ஏஜெண்டுகளுக்குச் சிங்கப்பூர்மேல் இவ்வளவு பிரியம் ஏன் என்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

முத்திரையின் காலமும் முடிந்துவிட்டது. பெருந்தொற்றின்போது, 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், விமானத்தில் மடியில் வைத்து நிரப்பும் வெள்ளை அட்டைக்குப் பதிலாக மின்னட்டை வந்தது. அதை ஒட்டியே, இத்தனை நாள் தங்கலாம் என்று மை ஒற்றிக் கொடுக்கும் முத்திரையும் நின்று, அனுமதி மின்னஞ்சலில் வரலாயிற்று. நாளொன்றுக்கு ஏறக்குறைய 3 இலட்சம் பேர் கடக்கும் உட்லண்ட்ஸில் ஒவ்வொரு நூலாகப் புரட்டி மை ஒற்றிக்கொண்டிருக்க முடியாது என்பது நியாயமான வாதமே. 2024இல் உட்லண்ட்ஸிலும் துவாஸிலும் கடவுச்சீட்டுக்குப் பதில் கைப்பேசிச் சதுரக்குறியைக் காட்டும் முறை வந்தது. அதே ஆண்டில் சாங்கியில், சிங்கப்பூர்வாசிகள் கடவுச்சீட்டைப் பையிலிருந்து எடுக்காமலே முகத்தையும் கண்மணியையும் காட்டிவிட்டுப் போகத் தொடங்கினார்கள். பெருவிரல் ரேகையை முதன்மை அடையாளமாக வைத்திருந்ததை மாற்றி முகத்துக்கும் கண்ணுக்கும் போனதற்கு அதிகாரிகள் கூறிய காரணங்களுள் ஒன்று, வயதாலும் தழும்பாலும் வறட்சியாலும் சிலருடைய ரேகையைக் கருவி படிக்க மறுக்கிறது என்பது. சிமெண்டிலும் மணலிலும் உழன்று ரேகை தேய்ந்த கொத்தர்களுக்கு இதை எவரும் விளக்கிச் சொல்லவேண்டியதில்லை. கதவுக்கு முன்னால் விரலைத் துடைத்துத் துடைத்து வைத்து, பிறகு தனி வரிசைக்கு அனுப்பப்பட்ட அனுபவம் அவர்களுக்கு உண்டு. நெற்றியில் குத்தியதற்கும் கண்மணியைப் படிப்பதற்கும் நோக்கத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள பேதம் இருக்கிறது. ஒன்று இழிவுபடுத்த, மற்றொன்று விரைவுபடுத்த. ஆனால் இரண்டிலும், சீட்டைத் தொலைத்துவிட்டேன் என்று சொல்ல இடமில்லை.

இந்தியா இன்னமும் போகும்போதும் வரும்போதும் முத்திரை குத்துகிறது. ஆகையால் பட்டுக்கோட்டைப் பக்கத்துத் தொழிலாளி ஒருவருடைய கடவுச்சீட்டைப் புரட்டிப் பார்த்தால், திருச்சிராப்பள்ளி விமான நிலையத்தில் புறப்பட்டதற்கு ஒரு முத்திரை இருக்கிறது. அதன் பக்கத்திலேயே, இரண்டு ஆண்டுக்குப் பின் அதே நிலையத்தில் வந்திறங்கியதற்கு மற்றொரு முத்திரை இருக்கிறது. நடுவில் அவர் எங்கே போயிருந்தார் என்பதற்கு அந்த நூலில் ஓர் எழுத்தும் இல்லை. வெளிநாட்டில் இருந்த நாள்களை இந்திய வருமான வரிக்காகக் கணக்கிட வேண்டியவர்கள், அந்தத் திருச்சி முத்திரைகளின் தேதிகளையே விரல்விட்டு எண்ணிக்கொள்கிறார்கள்.